தாங்கும் நீர்

வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் உப்பைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எந்த உப்பு, எவ்வளவு உப்பு, கடற்கரையிலிருந்தே தண்ணீர் மொண்டு வரலாமா. உப்பு பெரிய சிக்கலே இல்லை. லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் கரைத்து, அடர்த்தி 1.026 வருகிறதா என்று பார்த்துவிட்டால் அந்த வேலை முடிந்தது. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். குறைந்த அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றினால் பழைய நிலை திரும்பிவிடும். ஒரு தொட்டி ஓராண்டைத் தாண்டுமா, ஐந்தாண்டைத் தாண்டுமா என்பதைத் தீர்மானிப்பது வேறோர் அளவு. அதற்குக் காரத்தன்மை என்று பெயர். தொட்டி வைத்திருப்பவர்கள் தங்களுக்குள் ‘ஆல்க்’ என்று சுருக்கிச் சொல்லிக்கொள்கிறார்கள். பல காலமாகக் கடல்நீர்த் தொட்டியோடு வாழ்ந்துவருகிறேன். அதில் கற்றவை பல. தொட்டிக்கு வெளியேயும் என் யோசனையில் தொடர்ந்து வருவது இந்த ஓர் அளவுதான்.

அதை அளக்கும் முறை எளிது. ஊசியில்லாச் சிரிஞ்சில் ஐந்து மில்லிலிட்டர் தொட்டி நீரை உறிஞ்சி, விரல் உயரக் கண்ணாடிக் குப்பியில் விட வேண்டும். பரிசோதனைத் திரவத்தில் மெல்லிய அமிலமும் நிறம் காட்டும் சாயமும் கலந்திருக்கும். முதல் சொட்டு விழுந்ததும் குப்பி நீலமாகிறது. அடுத்தடுத்த சொட்டுகள் விழும் இடத்தில் மட்டும் மஞ்சளாக ஒரு திட்டு தோன்றும். குப்பியைச் சுழற்றினால் நீலத்துக்குள் கரைந்துவிடும். போகப்போக அந்த மஞ்சள் கரைவதற்கு நேரம் பிடிக்கிறது. கடைசியில் ஒரு சொட்டு விழுகிறது; எவ்வளவு சுழற்றினாலும் நீலம் திரும்புவதில்லை. அதுவரை விழுந்த சொட்டுகளின் எண்ணிக்கையே விடை. ஒரு சொட்டுக்கு ஒரு டி.கே.எச்; காரத்தன்மையை அளக்கும் அலகு அது. திறந்த கடலின் நீரை இப்படிச் சோதித்தால் ஏறத்தாழ 7 வரும். தொட்டியில் 7க்கும் 9க்கும் இடையே ஏதாவது ஓர் அளவில் நிறுத்திவைப்பது வழக்கம்.

குப்பிக்குள் நடப்பது இதுதான்: நீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டும் கார்பனேட்டும், கூடவே சிறிதளவு போரேட்டும், விழுகிற அமிலத்தைப் பிடித்து அடக்குகின்றன. அவை இருக்கும்வரை நீலம் மீள்கிறது. தீர்ந்ததும் மீள்வதில்லை. ஆக, காரத்தன்மை காட்டுவது நீர் இன்று எவ்வளவு புளித்திருக்கிறது என்பதை அன்று, இன்னும் எவ்வளவு புளிப்பைத் தாங்கும் என்பதை. இன்றைய நிலையைச் சொல்வது பி.எச். இரண்டையும் ஒன்றென எண்ணிக்கொள்வதிலிருந்துதான் பெரும்பாலான தொட்டிகளின் துன்பம் தொடங்குகிறது. பி.எச் இலையில் இன்றைக்கு விழுந்த சோறு என்றால் காரத்தன்மை குதிரில் கிடக்கும் நெல். இலையில் சோறு குறையாத வரைக்கும் குதிர் காலியாகி வருவது தெரியாது. தொட்டி நீரின் பி.எச் 8.1, 8.2 என்று நல்லபடியாகவே காட்டிக்கொண்டிருக்கும்போது அடியில் பைகார்பனேட் கரைந்துகொண்டே போகும். தீரும் கட்டம் நெருங்கும்போது பி.எச் சரசரவென்று இறங்கும்.

*

கடலுக்கு இந்தத் தாங்குதிறன் எங்கிருந்து வந்தது? பாறையிலிருந்து. மழைநீர் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு இலேசான அமிலமாகத்தான் தரையில் விழுகிறது. அந்த அமிலம் சுண்ணாம்புக்கல்லையும் கருங்கல்லையும் மெல்ல அரிக்கிறது. அரித்ததில் பிறக்கும் பைகார்பனேட்டை ஆறுகள் சுமந்துபோய்க் கடலில் சேர்க்கின்றன. பொதிகையில் பெய்யும் மழை தாமிரபரணியாக ஓடிப் புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவைத் தொடும்போது, வழியில் கரைத்த பாறையின் பங்கும் அதோடு சேர்ந்து கடலுக்குப் போகிறது. கிளிஞ்சல்களும் பவளங்களும் நுண்ணுயிர்களும் அந்தப் பைகார்பனேட்டைக் கால்சியத்தோடு சேர்த்து ஓடாகவும் கூடாகவும் கட்டிக்கொள்கின்றன. இறந்தபின் கடலடியில் படிகின்றன. ஆறு கொண்டுவருவதும் உயிர்கள் எடுத்துக்கொள்வதும் சமப்பட்டு நிற்கின்றன. இந்தச் சுற்று முழுதாக ஒருமுறை நடந்தேற ஏறத்தாழ ஒரு லட்சம் ஆண்டுகள் ஆகும் என்பது புவிவேதியியலாளர்களின் கணக்கு.

அந்தச் சமநிலையின் உறுதி வியக்கத்தக்கது. சேலஞ்சர் என்ற ஆய்வுக் கப்பல் 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிக் கொண்டுவந்த நீர் மாதிரிகளில் 77ஐ வில்லியம் டிட்மார் என்ற வேதியியலாளர் நுணுக்கமாகப் பகுத்துப் பார்த்து 1884இல் முடிவுகளை வெளியிட்டார். எந்தக் கடலில் எடுத்தாலும், உப்பு கூடினாலும் குறைந்தாலும், முக்கிய உப்புகள் ஒன்றுக்கொன்று கொண்டிருக்கும் விகிதம் ஏறத்தாழ மாறாமல் இருந்தது. அளவற்ற நீரும் அளவற்ற காலமும் சேர்ந்தால்தான் இப்படி ஓர் ஒழுங்கு வாய்க்கும்.

வீட்டுத் தொட்டியில் அந்த இரண்டும் கிடையாது. 200 லிட்டர் நீருக்கு ஆறும் இல்லை, மலையும் இல்லை. அங்கே உயிர் இருக்கிறது. உயிர் இருக்கும் இடத்தில் செலவு இருக்கிறது. என் தொட்டியில் கல்பவளம் இல்லை. உலர்ந்த பாறைகள், பொரிப்பகத்தில் பிறந்த கோமாளி மீன்கள், சில நத்தைகள், இவை மட்டும்தான். அப்படியிருந்தும் காரத்தன்மை இறங்கிக்கொண்டே இருக்கிறது. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் பிறக்கிறது. லிட்டருக்கு 50 மில்லிகிராம் நைட்ரேட் சேர்ந்தால் 2 டி.கே.எச்சுக்கும் சற்று மேலாகக் காரத்தன்மை குறைந்திருக்கும். நத்தை தன் ஓட்டின் விளிம்பில் புதிதாக ஒரு வரி சேர்த்துக்கொள்கிறது. பாறையின் மேல் ஊதாவும் இளஞ்சிவப்புமாகப் படரும் சுண்ணப்பாசி ஒவ்வொரு நாளும் கல்லாகிக்கொண்டிருக்கிறது. கண்ணாடியில் ஒட்டிய சுண்ணப்பாசியைச் சுரண்டியவர்களுக்குத் தெரியும்: நகத்துக்கு அது அசைவதில்லை, இரும்புத் தகடுதான் வேண்டும். பொட்டு அளவில் தொடங்கி, ஓரம் வெளுத்த வட்டமாக விரிந்து, பக்கத்து வட்டத்தோடு இணைந்து பாறை முழுவதும் பூச்சாகிவிடுகிறது. கடலில் உடைந்த பவளத் துண்டுகளையெல்லாம் ஒட்டிச் சேர்த்துத் திட்டாக நிறுத்துவதில் இந்தப் பாசிக்குப் பெரும் பங்கு உண்டு. அது வளர்வதைப் பார்க்க மகிழ்ச்சியாக இருக்கும். அந்த மகிழ்ச்சிக்கான விலை நீரின் தாங்குதிறனிலிருந்து போகிறது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. ஓடோ கூடோ கட்டப்படும்போது ஒரு பங்கு கால்சியத்தோடு இரண்டு பங்கு பைகார்பனேட் சேர்கிறது. ஒன்று கல்லாகிறது, மற்றொன்று கரியமில வாயுவாக நீரில் வெளியேறுகிறது. ஒவ்வொரு 2.8 டி.கே.எச் இறக்கத்தோடும் லிட்டருக்கு 20 மில்லிகிராம் கால்சியம் போகும். கடல்நீரில் கால்சியம் 400 மில்லிகிராமுக்கு மேல் கிடப்பதால் அந்த இழப்பு உடனே தெரியாது. காரத்தன்மையின் இருப்பு சிறியது, ஆகவே அதுதான் முதலில் கையைக் கடிக்கும். எந்தத் தொட்டியிலும் முதலில் அளக்க வேண்டியது இது என்று அனுபவசாலிகள் சொல்வதன் காரணம் இந்தக் கணக்கில் இருக்கிறது.

*

குறைந்ததை ஈடுசெய்ய இரண்டு பொருள்கள் போதும். இரண்டும் நம் சமையலறைக்கும் வெற்றிலைப் பெட்டிக்கும் பழக்கமானவை. ஒன்று ஆப்ப சோடா. 100 லிட்டர் நீரில் 3 கிராம் ஆப்ப சோடா கரைந்தால் காரத்தன்மை 1 டி.கே.எச் ஏறும். பேக்கிங் பவுடர் வேறு பொருள், அதைப் போடக்கூடாது. அதே சோடாவை அடுப்பில் நன்றாகச் சூடாக்கினால் நீராவியும் கரியமில வாயுவும் பிரிந்து சோடியம் கார்பனேட் ஆகிவிடும். அது காரத்தன்மையோடு பி.எச்சையும் உயர்த்தும். சோடா கால்சியத்தைத் தராது. அதைத் தனியே சேர்க்க வேண்டும்.

மற்றொன்று சுண்ணாம்புத் தண்ணீர். தூய நீற்றுச் சுண்ணாம்பை ஆர்.ஓ. நீரில் லிட்டருக்கு 2 கிராம் அளவில் கலக்கி மூடி வைத்தால் சில மணி நேரத்தில் கசடு அடியில் படிந்து மேலே தெளிநீர் நிற்கும். திறந்து வைத்தால் காற்றிலுள்ள கரியமில வாயு பட்டு, மேற்பரப்பில் மெல்லிய ஆடை கட்டும். விரலால் தொட்டால் நொறுங்கும் அந்த ஆடை சுண்ணாம்புக்கல்லேதான். கசடைக் கலக்காமல் தெளிவை மட்டும் எடுத்து, அன்றைக்கு ஆவியான தண்ணீருக்குப் பதிலாகச் சொட்டுச் சொட்டாக இரவெல்லாம் விழவிட வேண்டும். ஏன் இரவு? பகலில் பாசிகள் கரியமில வாயுவை உண்பதால் பி.எச் உயர்கிறது, இரவில் எல்லா உயிர்களும் மூச்சுவிட மட்டுமே செய்வதால் இறங்குகிறது. சுண்ணாம்புத் தண்ணீரின் பி.எச் 12க்கு மேல். இறங்கும் நேரத்தில் ஏற்றுவது விழுந்தால் இரண்டும் ஒன்றையொன்று தணிக்கும். ஒரு லிட்டர் தெளிநீர் 100 லிட்டர் தொட்டிக்கு 1 டி.கே.எச்சுக்குச் சற்றுக் கூடுதலான காரத்தன்மையும், லிட்டருக்கு 8 மில்லிகிராம் கால்சியமும் தருகிறது. உயிர்கள் எந்த விகிதத்தில் எடுத்துக்கொள்கின்றனவோ அதே விகிதத்தில் திருப்பித் தருவதுதான் இதன் சிறப்பு. பவளத் தொட்டிகளில் இந்த முறையை 1970களில் பரவச் செய்தவர் பீட்டர் வில்கென்ஸ். உலகெங்கும் அதற்கு வழங்கும் ‘கால்க்வாஸர்’ என்ற ஜெர்மன் பெயர் அவர் வழியாக வந்தது.

செய்முறையைவிடக் கடினமானது அதற்குரிய பொறுமை. காரத்தன்மை 6இல் நிற்கிறது, 8 வேண்டும் என்றால் தேவையான சோடாவை ஒரே மூச்சில் கொட்டிவிடலாம். கணக்கு சரியாகவே இருக்கும். நீரில் வாழும் உயிருக்கு அது சரியாக இருக்காது. ஒரு நாளில் 1 டி.கே.எச்சுக்கு மேல் ஏற்றக்கூடாது என்பது நெடுநாள் பழக்கத்தில் உறுதிப்பட்ட விதி. சுண்ணாம்புத் தண்ணீரை அவசரப்பட்டு மொத்தமாக ஊற்றினால் தொட்டி பால்போல் வெளுத்துவிடும். இருந்த கால்சியமும் கார்பனேட்டும் ஒன்றோடொன்று சேர்ந்து தூளாக விழுந்து, ஏற்ற நினைத்த காரத்தன்மை முன்னைவிடக் கீழே போய்விடும். கடல் மேற்பரப்பின் நீர் பொதுவாகவே தன்னால் தாங்கக்கூடியதைவிடக் கூடுதலான சுண்ணாம்பைக் கரைத்து வைத்திருக்கிறது. அதிலுள்ள மக்னீசியம்தான் அது படியாமல் தடுத்துக்கொண்டிருக்கிறது. அப்படி விளிம்பில் நிற்கும் நீரிடம் முரட்டுத்தனம் செல்லாது. 8தான் சிறந்தது, 9தான் சிறந்தது என்று எண்ணைத் துரத்துகிறவர்களின் தொட்டிகளைவிட, 7.5இல் வைத்து அதை அசையாமல் காப்பவர்களின் தொட்டிகள் நன்றாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். நாள்தோறும் இழப்பது எவ்வளவோ அவ்வளவே நாள்தோறும் தருவது: இந்த ஒரு வரிக்குள் தொட்டி பராமரிப்பின் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது.

*

காரத்தன்மை சரியாக இருந்தும் பி.எச் இறங்குவதுண்டு. குளிரூட்டிக்காகக் கதவு சன்னல்களை அடைத்த அறையில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தால் கரியமில வாயு 1000 பி.பி.எம்மைத் தாண்டிவிடும். தொட்டி நீர் அந்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறது. சொட்டுகளை எண்ணினால் அதே 8, பி.எச் மட்டும் 7.8. இங்கே சோடா போடுவது தவறான மருந்து. சன்னலைத் திறக்க வேண்டும், அல்லது கழிவை நுரையாகப் பிரிக்கும் நுரைநீக்கிக்கான காற்றுக்குழாயின் முனையை வீட்டுக்கு வெளியே விட வேண்டும். சில மணி நேரத்தில் பி.எச் ஏறிவிடும். நீர் கெட்டதற்குக் காரணம் நீரில் இல்லை, அதன் மேலிருக்கும் காற்றில் இருக்கிறது. இதைத் தொட்டியில் கண்ணால் கண்ட பிறகு, இன்றைய கடலுக்கு என்ன நேர்ந்திருக்கிறது என்பது புத்தகச் செய்தியாக இருப்பதில்லை.

இதைப் பெரிய அளவில் பார்த்த ஓர் இடம் அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் இருக்கிறது. பயோஸ்பியர் 2 என்னும் கண்ணாடி மாளிகைக்குள் காடு, வயல், சதுப்பு ஆகியவற்றோடு, இருபத்தைந்து லட்சம் லிட்டருக்கும் மேற்பட்ட நீரில் ஒரு கடலையும் உயிருள்ள பவளங்களோடு அமைத்திருந்தார்கள். 1991 செப்டம்பரில் எட்டுப் பேர் உள்ளே போய்க் கதவை அடைத்துக்கொண்டார்கள், இரண்டாண்டுகள் இருந்தார்கள். வளமான மண்ணின் நுண்ணுயிர்கள் எதிர்பார்த்ததைவிட மிகுதியாக மூச்சுவிட்டதில் கரியமில வாயு பல மடங்கு ஏறியது. கடல்நீர் புளிக்கத் தொடங்கியது. உள்ளே இருந்தவர்கள் சோடியம் பைகார்பனேட்டையும் கார்பனேட்டையும் அந்தக் கடலில் கரைத்துப் பவளங்களைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. நாம் கரண்டியால் செய்வதை அவர்கள் மூட்டைகளால் செய்தார்கள். ஆக்சிஜனும் குறைந்துகொண்டே வந்தது. ஆக்சிஜனை உண்டு பிறந்த கரியமில வாயுவில் பெரும்பகுதியும் கணக்கில் காணாமல் போனது. பூசாமல் விட்ட கான்கிரீட்டிலுள்ள சுண்ணாம்பு அதை உறிஞ்சிக் கல்லாக்கியிருந்தது என்று பிறகு கண்டுபிடித்தார்கள். சுண்ணாம்புத் தண்ணீரின் மேல் ஆடை கட்டும் அதே வினைதான் அந்தச் சுவர்களிலும் நடந்திருக்கிறது.

பின்னர் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் அந்தக் கடல் ஆய்வுக்கூடமானது. ஆய்வாளர் கிறிஸ் லாங்டனும் குழுவினரும் அதன் வேதியியலை வேண்டுமென்றே மாற்றி மாற்றி, பவளத்திட்டு எவ்வளவு வேகத்தில் சுண்ணாம்பைக் கட்டுகிறது என்று அளந்தார்கள். 2000இல் வெளியான முடிவு தெளிவாக இருந்தது: நீரில் கார்பனேட் குறைந்தால் கட்டும் வேகமும் குறைகிறது. காலம் போகப்போகப் பவளம் பழகிக்கொள்ளும் என்ற நம்பிக்கைக்கு அந்தக் கடல் இடம் தரவில்லை.

தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் 280 பி.பி.எம் இருந்த கரியமில வாயு இன்று 420ஐத் தாண்டிவிட்டது. நாம் வெளியேற்றுவதில் ஏறத்தாழ கால் பங்கைக் கடல் உறிஞ்சுகிறது. கடல் மேற்பரப்பின் பி.எச் 8.2இலிருந்து 8.1க்கு வந்திருக்கிறது. எண்ணைப் பார்த்தால் சிறிதாகத் தோன்றும். மடக்கை அளவையில் இது ஹைட்ரஜன் அயனிகள் கால் பங்குக்கும் மேல் கூடியதைக் குறிக்கிறது. கடலின் காரத்தன்மை குறையவில்லை, சொட்டுகளை எண்ணினால் அதே எண்ணிக்கைதான் வரும். குறைந்திருப்பது அதற்குள் இருக்கும் கார்பனேட்டின் பங்கு. பவளம் தன் கூட்டைக் கட்டும் இடத்திலுள்ள நீரிலிருந்து ஹைட்ரஜன் அயனிகளை வெளியே தள்ளி, அங்கே மட்டும் பி.எச்சை உயர்த்தித்தான் கல்லைப் படியவைக்கிறது. வெளியே புளிப்பு கூடக்கூட, தள்ளுவதற்கு அது கூடுதல் உழைப்பைச் செலவிட வேண்டும். சன்னலடைத்த அறையிலுள்ள தொட்டிக்கு நேர்ந்த அதே கதி. அறைக்காவது சன்னல் உண்டு.

*

மன்னார் வளைகுடாவின் பவளங்களுக்குக் கடல் புளிப்பதைவிட நேரடியான கேடு முன்பே வந்துவிட்டது. ராமேசுவரம் பக்கத்திலிருந்து தூத்துக்குடி வரை வரிசையாகக் கிடக்கும் 21 தீவுகளைச் சுற்றிப் பவளத்திட்டுகள் உண்டு. பல பத்தாண்டுகள் அங்கிருந்து பவளக்கற்களைக் கடப்பாரையால் பெயர்த்துப் படகுகளில் ஏற்றிக் கரைசேர்த்தார்கள். காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள்; கட்டடம் கட்டவும் ஆலைகளுக்கு மூலப்பொருளாகவும் பயன்படுத்தினார்கள். பைகார்பனேட்டைக் கல்லாக்க அந்த உயிர்கள் நூற்றாண்டுகள் உழைத்திருந்தன. காளவாய் அதை ஒரே இரவில் கரியமில வாயுவாகவும் சுண்ணாம்பாகவும் பிரித்தது. தூத்துக்குடிப் பக்கத்து விலங்குசல்லியும் கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டியும் என இரண்டு தீவுகள் நீருக்குள் மூழ்கிவிட்டன. கவசமாக நின்ற திட்டுகளை வெட்டி எடுத்ததே அதற்கு முதன்மையான காரணம் என்பது ஆய்வாளர்களின் முடிவு.

1986இல் இந்தத் தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாயின. 2001இல் கல்பவளங்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்ந்தன. புலி இருக்கும் பட்டியல் அது. வெட்டுவது அதற்குப் பிறகு படிப்படியாக நின்றது. நின்ற இடங்களில் இளம் பவளங்கள் மீண்டும் ஒட்டத் தொடங்கின. தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனத்தினர் நீருக்கடியில் இறங்கி இதைத் தொடர்ந்து கணக்கெடுத்து வருகிறார்கள். கிளைகளை நட்டுத் திட்டுகளை மீட்கும் பணியையும் செய்கிறார்கள். ஆனால் கடல் சூடேறியதால் 1998, 2010, 2016 என்று பவளங்கள் வெளுத்தன. கையில் கடப்பாரை இல்லாமலே இப்போது கேடு நடக்கிறது.

சுண்ணாம்பு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியும் என்னை விடுவதில்லை. அரியலூர், கல்லக்குடிப் பகுதிகளில் வெட்டப்படும் சுண்ணாம்புக்கல் பல கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே இருந்த கடலின் படிவு. கல்லக்குடியில் கிடைக்கும் கல்லின் ஒரு பகுதியை நிலவியலாளர்கள் பவளமும் சுண்ணப்பாசியும் சேர்ந்து கட்டிய திட்டு என்றே அடையாளம் கண்டிருக்கிறார்கள். என் பாறையில் படரும் ஊதாப் பாசியின் மிகப் பழைய உறவினர்கள் அவை. உலகின் சுண்ணாம்புக்கல்லில் பெரும்பகுதி இப்படிக் கடலுயிர்கள் விட்டுச்சென்றது. தொட்டிக்கு நாம் ஊட்டும் சுண்ணாம்பு ஏதோ ஒரு பழைய கடலின் சேமிப்பு. அதை மலிவுப் பொருளாக நினைக்க என்னால் முடிவதில்லை.

*

தொட்டியில் செய்வதைக் கடலில் செய்தால் என்ன என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள். கேட்டதோடு நிற்காமல் செய்தும் பார்த்தார்கள். ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டின் தென்பகுதியில் ஒன் ட்ரீ தீவு உள்ளது. ஆய்வாளர்கள் ரெபெக்கா ஆல்பிரைட், கென் கால்டீரா குழுவினர் அங்கே இயற்கையான திட்டின் மேல் ஓடும் நீரில் சோடியம் ஹைட்ராக்சைடைக் கலந்து, அதன் காரத்தன்மையை உயர்த்தினார்கள். தொழிற்புரட்சிக்கு முந்தைய வேதியியல் அந்தச் சிறு பரப்பில் சிறிது நேரத்துக்குத் திரும்பியது. பவளத்திட்டின் சுண்ணாம்புக் கட்டுமானம் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடியது. 2016இல் வெளியான இந்த ஆய்வு தந்தது மருந்தன்று, சான்று: கடல் புளிப்பது இப்போதே, கண்ணெதிரே, பவளங்களைத் தளரவைக்கிறது என்பதற்கான சான்று.

கடலுக்கே காரம் ஊட்டலாம் என்ற திட்டங்கள் இன்று பல நாடுகளில் சோதனையில் இருக்கின்றன. அவற்றை நான் வெறுக்கவில்லை; அறிவியல் எல்லா வழிகளையும் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் சுண்ணாம்பைச் சுடும்போதே கரியமில வாயு வெளியேறுகிறது. பாறையை உடைத்து அரைத்துக் கப்பலேற்றுவதற்கும் எரிபொருள் எரிகிறது. ஒரு லட்சம் ஆண்டுகளில் மழையும் மலையும் ஆறும் செய்யும் வேலையைச் சில பத்தாண்டுகளில் கொட்டிக் கவிழ்த்துச் செய்ய முயல்கிறோம். அவசரமாக ஊற்றிய சுண்ணாம்புத் தண்ணீர் தொட்டியை என்ன செய்யும் என்று பார்த்தவர்கள் இதில் எச்சரிக்கையாகத்தான் பேசுவார்கள். இருப்பதைக் குலைக்காமல் காப்பது எப்போதும் மலிவு. குலைந்ததை மீட்பது எப்போதும் செலவு மிக்கது. இருநூறு லிட்டரில் இது உண்மையென்றால் சமுத்திரத்தில் எத்தனை மடங்கு உண்மை.

தொட்டி வைக்க நினைக்கும் வாசகருக்கு ஒரு வேண்டுகோள். கல்பவளத்தை யார் விற்றாலும் வாங்காதீர்கள். அது சட்டப்படி குற்றம், அறத்தின்படியும் குற்றம். பாறையையும் மணலையும் கடலிலிருந்து எடுக்காதீர்கள். மன்னார் வளைகுடா ஓரத்து மண்டபத்தில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீன்களைப் பொரிப்பகத்தில் வளர்க்கும் முறையைச் செம்மைப்படுத்தியிருக்கின்றன. அப்படிப் பிறந்த மீன்களையே கேட்டு வாங்குங்கள். மீனைக் கொண்டுவருவதற்கு முன் காரத்தன்மை அளக்கும் குப்பியை வாங்குங்கள். ஒரே நேரத்தில், ஒரே முறையில் அளந்து, குறைந்த அளவுக்கு மட்டும் கொடுங்கள். நீர் எவ்வளவு தாங்கும் என்பதற்கு ஓர் எண் உண்டு, அது தீரக்கூடியது என்பதை வீட்டுப் பிள்ளைகளுக்கும் அந்தக் குப்பியில் காட்டுங்கள். தொட்டியில் குறைவதை ஒரு கரண்டி சோடாவால் ஈடுசெய்துவிடலாம். கடலுக்கு அந்தக் கரண்டி எவரிடமும் இல்லை. எரிப்பதைக் குறைப்பது ஒன்றே வழி.